இல்லடு கள்ளும் கலத்தூய்மையும்: சேர்வராயன் மலைச் சூழலை ஒட்டிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

பண்டைத் தமிழர் பருகிய மது வகைகளைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல் எனச் சங்க நூல்களில் வழங்கும் பெயர்களைத் தொகுத்தோர் உளர். வேந்தர் உண்டாட்டையும் வள்ளல்தம் கொடையையும் விரித்துரைத்தோரும் உளர். ஆயினும், அம்மதுவை ஆக்கியோர் எவ்வகைக் கலத்தில், எத்தகைய நீர் கொண்டு ஆக்கினர், அக்கலத்தை எங்ஙனம் தூய்மை செய்தனர் என்னும் வினாக்கள் போதிய அளவு ஆராயப்பெறவில்லை.

இவ்வினாக்கள் சிறியன போலத் தோன்றலாம். ஆனால், மது என்பது நுண்ணுயிர்களின் செயலால் விளைவது. சோற்றுக் கூழிலோ தேன் கலந்த நீரிலோ எவ்வுயிர் முற்பட்டுப் பெருகுகின்றதோ அதற்கேற்பவே அக்கூழ் மதுவாதலும் காடியாதலும் அழுகிக் கெடுதலும் நிகழும். ஆகவே கலத்தூய்மையும் நீர்த்தூய்மையும் மது ஆக்கும் தொழிலுக்குப் புறம்பான ஒழுக்கங்கள் அல்ல. தொழிலில் பாதி அவையே எனலாம். இல்லத்தில் சிறு அளவில் பீர் என்னும் தானிய மதுவைச் செய்யக் கற்பார்க்கு மேலைநாட்டு நூல்கள் முதற்கண் புகட்டும் பாடமும் இதுவே. இப்பாடத்தைத் தமிழ்நூல்கள் எவ்வளவில் அறிந்திருந்தன என்பதைச் சேர்வராயன் மலையையும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் கருத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2. நிலமும் மக்களும்

சேலம் மாவட்டத்தைச் சார்ந்த சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இதன் உயர்ந்த முடிகளுள் ஒன்று சேர்வராயன் முடி. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மாரமங்கலம், நாகலூர், வெள்ளக்கடை, வாழவந்தி முதலிய ஊர்கள் இம்மலைமேல் உள்ளன. இங்குப் பெரும்பான்மையராக வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயர்க்கும் கேரள நாட்டு மலையாள மொழியார்க்கும் தொடர்பில்லை. இவர்தம் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்பது இவர்களிடை வழங்கும் செவிவழிச் செய்தி. சாமை, தினை, கேழ்வரகு ஆகியன இவர்கள் நெடுங்காலமாக விளைத்துவந்த தானியங்கள். 1820 முதல் 1829 வரை சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பார் காலத்தில் காப்பிப் பயிர் இம்மலைக்கு வந்தது.

இம்மலைக்கு வடக்கே அமைந்தது தகடூர் நாடு. இன்று தருமபுரி என வழங்கும் அந்நாட்டை ஆண்ட அதியமான் சிறிதளவே கள் கிடைத்தவழித் தான் உண்ணாது தமக்கு ஈந்துவிடுவான் என்று அவன் மறைந்தபின் ஔவையார் இரங்கிப் பாடியது புறநானூற்றின் 235ஆம் செய்யுள். வடகிழக்கே செங்கம் உள்ளது. செங்கண்மா என்ற அவ்வூரின் தலைவனாகிய நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் முற்றவைத்த தேன்கள்ளைக் கூறுகின்றது. ஆகவே, நாம் எடுத்துக்கொண்ட மலைப்பகுதி கள்ளைப் பற்றிய பழைய இலக்கியச் சான்றுகளுக்கு நடுவே அமைந்தது எனலாம்.

ஒன்றை ஈண்டே தெளிவுபடுத்தல் வேண்டும். தானிய மதுவின் செய்முறையை விரித்துரைக்கும் பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. மலையாளிகளோ காஞ்சியைத் தம் முன்னோர் ஊர் என்பர். இவ்விரண்டையும் இணைத்து, அப்பாட்டிற் கண்ட தொழிலே மலைமேல் வந்தது என்று துணிதல் பொருந்தாது. செவிவழிச் செய்தி குடிப்பெருமையை உணர்த்தும். தொழிலின் வழிமுறையை நிறுவாது. பாட்டின் சான்றைப் பாட்டளவிலும், மலையின் சான்றை மலையளவிலும் வைத்து நோக்குதலே முறையாகும்.

3. பெரும்பாணாற்றுப்படையின் மூன்று இடங்கள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மூன்று இடங்கள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபின் இவை கற்றோர் அனைவர்க்கும் எட்டின.

முதலாவது, 142ஆம் அடியில் வரும் இல்லடு கள் என்னும் தொடர். பகைவர் நிலத்து ஆனிரையைக் கவர்ந்து வந்த மறவர், அதனைக் கள்ளுக்கு விலையாகக் கொடுத்ததோடு, தம் இல்லத்தில் ஆக்கிய தோப்பியையும் பருகினர் என்பது அவ்விடத்துச் செய்தி. தோப்பி என்பது நெல்லாற் செய்த கள். விலைக்குப் பெற்ற நறவும் இல்லில் ஆக்கிய தோப்பியும் அடுத்தடுத்துக் கூறப்படுதலின், விற்பனைக்குரிய மதுவும் வீட்டு மதுவும் அக்காலத்தே வேறுவேறாக எண்ணப்பட்டன என்பது பெறப்படும். மேலும் அடுதல் என்பது தீயிற் சமைத்தலைக் குறிக்கும் வினை. பனையினின்று இறக்கும் கள்ளுக்கு இவ்வினை பொருந்தாது. தானியத்தை வேகவைத்து ஆக்கும் மதுவுக்கே பொருந்தும். சொல்லே செய்முறையின் முதற்படியைக் காட்டிநிற்றல் காண்க.

இரண்டாவது, 275ஆம் அடி முதலாக வலைஞர் குடியிருப்பில் வைத்துக் கூறப்படும் செய்முறை. அதன் படிகளை வரிசையாகக் காண்போம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைப்பர். அக்களியை அகன்ற வாயையுடைய பிழா என்னும் தட்டிற் பரப்பி ஆற்றுவர். புற்றினுள் காணப்படும் குரும்பியை ஒத்த புறத்தையுடைய நல்ல அடையை அதனொடு கலப்பர். பகலும் இரவுமாக இரண்டு நாள் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியில் இளமை நீங்க முற்றவைப்பர். பின்னர் விரலால் அலைத்து வடித்துப் பிழிவர்.

மூன்றாவது, 339ஆம் அடியை ஒட்டிய பட்டினக் காட்சி. கள் அடும் மகளிர் தம் வள்ளங்களைக் கழுவிய நீர் வழிந்தோடிச் சேறாகின்றது. அச்சேற்றில் பன்றிக் குட்டிகள் புரளுகின்றன. கலம் கழுவிய நீரையும் காணத் தவறாத புலவரின் நோக்கால், ஒரு தொழிலின் தூய்மைக்கூறு நமக்குச் சான்றாகக் கிடைத்துள்ளது.

4. ஆற்றுதலும் அடையும்

இரண்டாம் இடத்துக் கூறிய படிகளுள் ஆற்றுதல் என்பது தனியே நோக்கத்தக்கது. வேகவைத்தலால் அரிசியில் இருந்த உயிர்களுட் பெரும்பாலன அழியும். ஆயினும் சில நுண்ணுயிர்கள் வித்துறைவடிவிற் கொதிநிலையையும் தாங்கி நிற்பன. சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாகக் கிடப்பின் அவை முளைத்துப் பெருகி நஞ்சு விளைக்கும். நேர்மாறாக, சூடு ஆறுமுன் அடையைக் கலந்தால் அடையிலுள்ள பயன்தரும் உயிர்கள் வெந்து மடியும். எனவே விரைந்து ஆற்றலும் ஆறியபின் கலத்தலும் ஒருங்கே வேண்டப்படுவன. குறுகிய வாயுடைய பானையில் அவ்வாறே விட்டுவைக்காது அகன்ற தட்டிற் பரப்பியது, வெப்பம் விரைவில் நீங்கும் பொருட்டேயாதல் வேண்டும். இக்காலத்து வீட்டில் பீர் ஆக்குவோர் கொதித்த முளைச்சாற்றைக் குளிர்நீரில் வைத்தும் குழாய்ச் சுருள் இட்டும் விரைந்து ஆற்றுவதும் இக்கருத்துப்பற்றியே.

அடை என்பது யாது? நெல்முளையை இடித்துச் செய்தது என்று கொள்வது உரைவழி வந்த கருத்து. தானியத்தை முளைக்கவிட்டால் அதனுள் ஒருவகை நொதிப்பொருள் தோன்றி மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். அச்சர்க்கரையை ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் மதுவாக்கும். வாற்கோதுமை முளையால் ஆகும் மேலைநாட்டுப் பீரின் முறை இதுவே. எனினும் புலவர் கையாண்ட உவமை வேறொரு கருத்துக்கும் இடந்தருகின்றது. குரும்பி என்பது கறையான் புற்றினுள் வளர்க்கும் பூஞ்சணக் கூடு; வெண்மையும் நுண்துளைகளும் உடையது. முளையை இடித்துத் தட்டிய அடை புறத்தே பூத்திராது. பூஞ்சணம் படர்ந்த மாவடையே பூத்த புறத்தையுடையதாய்க் குரும்பியை ஒக்கும். இமயமலைச் சாரலிலும், சந்தால் மக்களிடையும், சீன நாட்டிலும் அரிசி மதுவுக்கு இத்தகைய பூஞ்சண மாவடையே வித்தாக இடப்படுகின்றது. அங்குப் பூஞ்சணம் மாப்பொருளைச் சர்க்கரையாக்க, உடனிருக்கும் ஈஸ்டு மதுவாக்கும்.

வடநூற் சான்றொன்றும் இதற்குத் துணையாகும். 1905இல் சாமா சாத்திரியார் கண்டறிந்து 1909இல் வெளியிட்ட கௌடிலியர் பொருள்நூல், மேதகம் என்னும் மதுவுக்கு ஒரு துரோணம் நீரும் அரை ஆடகம் அரிசியும் மூன்று பிரத்தம் கிண்ணுவமும் என அளவு கூறும். 16 பிரத்தம் ஒரு துரோணமாதலின், நீர் 16 பங்காயின் அரிசி 2 பங்கு, கிண்ணுவம் 3 பங்கு என ஆகின்றது. கிண்ணுவம் என்பது உழுந்து மாவுடன் அரிசியும் மூலிகையும் சேர்த்துச் செய்த வித்துப்பொருள். அந்நூல் அதற்கு முளைத்தானியம் வேண்டும் எனக் கூறவில்லை. இவற்றால், பெரும்பாணாற்றுப்படையின் அடை பூஞ்சண மாவடையாக இருத்தல் கூடும் என்று கொள்ள இடமுண்டு. முளையையே இடித்து அடையாக்கிப் பூஞ்சணம் படரவிட்டனர் எனின், உரைவழிக் கருத்தும் உவமையும் ஒருங்கே பொருந்தும். யான் இதனையே பொருத்தமுடையதாகக் கருதுகின்றேன்.

இக்கருத்து நம் தலைமை வினாவோடு தொடர்புடையது. வித்து அடையை மிகுதியாகக் கலந்தால் வேண்டிய உயிர்கள் முதற்கண்ணே பெருந்தொகையினவாய் நின்று, காற்றிலும் கலத்திலும் இருந்து வரும் பிற உயிர்களைத் தலையெடுக்கவிடா. கலத்தை முற்றும் கிருமியற்றதாக்க இயலாத காலத்தில், வேண்டிய உயிரைப் பெருக்கி வேண்டாத உயிரை அடக்குதலே மதுவைக் காத்த முறை. அன்றியும் அம்மது இரண்டே நாளில் ஆக்கி உடனே பருகப்பட்டது. பல கிழமை நொதிக்கவிட்டுப் புட்டியில் அடைத்துப் பல திங்கள் வைத்திருக்கும் பீருக்கு வேண்டிய கடுந்தூய்மை அதற்கு வேண்டப்படவில்லை.

5. கலத்தூய்மை

கள்ளடு மகளிர் கழுவியவை வள்ளங்கள், அஃதாவது உண்கலங்கள். மது விளைந்த சாடியையும் அவ்வாறே கழுவினர் என்று பாட்டு வெளிப்படக் கூறவில்லை. ஆகவே உண்கலத் தூய்மைக்கு நேர்ச்சான்றும், விளைகலத் தூய்மைக்கு உய்த்துணர் சான்றுமே நமக்கு உள்ளன. ஆயினும், கழுவிய நீர் வழிந்து சேறாகும் அளவினது என்பதனால், கழுவுதல் என்றோ ஒருநாள் நிகழ்ந்ததன்று, நாள்தோறும் தொழிலோடு தொழிலாக நிகழ்ந்தது என்பது தெற்றென விளங்கும்.

அழுக்குநீக்கலும் கிருமிநீக்கலும் ஒன்றல்ல என்பது இக்காலத்தார் வலியுறுத்தும் வேறுபாடு. கலத்தில் ஒட்டிய வண்டலையும் பிசுக்கையும் தேய்த்து அகற்றுவது முன்னது. அங்ஙனம் தூய்மையான கலத்தின்மேல் எஞ்சிய நுண்ணுயிரை வெந்நீராலோ மருந்தாலோ ஒடுக்குவது பின்னது. முன்னதைச் செய்யாது பின்னதைச் செய்தால் பயனில்லை. வண்டலுக்குள் மறைந்த உயிரை மருந்து எட்டாது. தமிழ் வழக்கிலும் இவ்விரு நிலைகளுக்கும் உரிய சொற்கள் வேறுவேறாக உள்ளன. அலம்புதல், கழுவுதல், துலக்குதல், விளக்குதல் என்பன அழுக்குநீக்கும் வினைகள். சாம்பலிலுள்ள காரம் பிசுக்கை அகற்றும். புளியிலுள்ள புளிப்பு செம்பு, பித்தளைக் கலங்களின் களிம்பை நீக்கும். வெயிலில் கவிழ்த்தல், அனலிற் காட்டுதல், வெந்நீர் ஊற்றுதல், சுண்ணாம்பு பூசுதல் என்பன இரண்டாம் நிலைக்கு உரியன.

இவற்றுள் சுண்ணாம்பு பூசுதல் தமிழ்நாட்டுப் பனைத்தொழிலில் நிலைபெற்ற முறை. பாளையிற் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால், வடியும் சாறு நொதியாது பதநீராக இறங்கும். பூசாவிடில் அதே சாறு கள்ளாக மாறும். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிரின் பெருக்கத்தைத் தடுப்பதே இதற்குக் காரணம். கலத்தின் உட்புறத்தை எவ்வாறு வைக்கின்றோமோ அவ்வாறே அதனுள் உள்ள பொருள் அமையும் என்னும் உண்மையைப் பனையேறுவோர் நுண்ணுயிரியல் தோன்றுமுன்னரே தொழிலால் அறிந்திருந்தனர்.

மட்கலம் நுண்துளைகள் உடையது. எத்துணைக் கழுவினும் அத்துளைகளில் முன்னைய மதுவின் உயிர்கள் எஞ்சிநிற்கும். அவை நல்லன எனின் அடுத்த மதுவுக்கு வித்தாகும். தீயன எனின் அதனைக் காடியாக்கும். ஆகவே மது கெட்ட கலத்தை மீண்டும் பயன்படுத்தல் இழப்பைத் தொடரச் செய்வதாகும். மலைவாழ் மக்கள் கைக்கொண்ட மூங்கிற் குழாய்க்கு இத்துன்பம் குறைவு. புதிதாக வெட்டிய மூங்கிலின் கணுவிடை அதுகாறும் மண்ணும் புறக்காற்றும் படாது மூடியிருந்தது. ஒருமுறை பயன்கொண்டபின் எறிந்துவிட்டு வேறொன்றை வெட்டிக்கொள்ளலும் எளிது. மலையில் மூங்கிலும் வலைஞர் குடியிருப்பிற் சாடியும் கலமாயினமைக்கு நிலத்தின் விளைபொருளே முதற்காரணம்; ஆயின் அவ்வேறுபாடு தூய்மையிலும் வேறுபாட்டை விளைத்தது என்பது கருதத்தக்கது.

6. நீர்த்தூய்மை

பெரும்பாணாற்றுப்படையின் செய்முறைப் பகுதியில் வெந்நீர் என்னும் சொல்லும் வருகின்றது. வெப்பமான நீர் என்று கொள்ளின், வடித்தற்கு வெந்நீர் பயன்பட்டது என்றாகும். வெம்மை என்பதை மதுவின் கடுமைக்கு ஏற்றி, வெவ்விய நீர்மையுடைய மது என்று கொள்ளின் அச்சான்று நில்லாது. சொல் இருவகைக்கும் இடந்தருதலின், இவ்வொரு சொல்லைக் கொண்டு பண்டையோர் வெந்நீரால் தூய்மை செய்தனர் என்று நிறுவுதல் சாலாது. அரிசியைக் களியாகச் சமைத்தபோது அதனொடு சேர்ந்த நீரும் கொதித்தது என்பதே ஐயத்திற்கு இடமில்லாத செய்தி.

நீரைத் தெளிவித்தல் பற்றிய சான்று கலித்தொகையின் நெய்தற் பகுதியில் உள்ளது. தேற்றா மரத்தின் விதையைக் கலத்தில் தேய்க்கக் கலங்கிய நீர் தெளிதல் அங்கு உவமையாக ஆளப்பட்டுள்ளது. விதையிலுள்ள பொருள் நீரில் மிதக்கும் மண்துகளை ஒன்றுசேர்த்துக் கீழே படியச் செய்யும். துகளோடு நுண்ணுயிரிற் சிலவும் படியும். ஆயினும் தெளிந்த நீர் தூய நீர் ஆகாது. மழைக்காலத்தில் செம்மண் கலந்து வரும் மலைநீரைத் தேற்றா விதை தெளிவிக்கும். கிருமி போக்க நெருப்பே வேண்டும்.

மலையின் உயரத்தால் நெருப்பின் செயலும் சிறிது வேறுபடும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறுந்தோறும் நீரின் கொதிநிலை ஒரு பாகை குறையும். எனவே கடற்கரையில் 100 பாகையிற் கொதிக்கும் நீர் ஏற்காட்டின் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். நோய்க்கிருமிகளைப் போக்க இவ்வெப்பம் போதும். நன்கு குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் பருகுதற்குத் தகும். ஆனால் தானியம் வேகச் சமவெளியைவிட மிகுதியான நேரம் ஆகும்.

நீரும் கலமும் மதுவின் நலத்தை ஆள்வன என்பதை அறிவியல் முறையில் நிறுவியவர் லூயி பாஸ்டர். பீரைப் பற்றிய அவர்தம் ஆய்வுநூல் 1876இல் வெளிவந்தது. மது கெடுவதற்கு வேற்று நுண்ணுயிர் புகுதலே காரணம் என அவர் காட்டினார். 1883இல் டென்மார்க்கின் கார்ல்சுபெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் தனித்த ஈஸ்டை வளர்த்துப் பயன்படுத்தினார். இந்தியாவில் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் பீர் ஆலைகளைக் கசௌலி, மரி, நீலகிரி முதலிய மலைகளில் அமைத்தமைக்குத் தட்பமும் சுனைநீரும் காரணங்களாயின. கசௌலி ஆலையின் ஒரு பகுதி சோலனுக்கு மாறியதும் நல்ல ஊற்றுநீர் கருதியே. இன்று நகரக் குழாய்நீரிற் கலக்கும் குளோரின் நோயைத் தடுப்பினும், தானியச் சாற்றிலுள்ள சில பொருள்களோடு கூடி மருந்து நாற்றம் தருதலின், பீர் ஆக்குவோர் அதனைக் கொதிக்கவைத்தோ வேறுவகையாலோ நீக்குவர். குடிநீர்க்குத் தூய்மையாவது மதுவுக்கும் தூய்மையாவதில்லை என்பது இதனால் விளங்கும்.

7. இல்லடு கள்ளும் அரசும்

வீட்டு மதுவை அரசு நோக்கிய வகையும் வரலாற்றில் மாறிவந்துள்ளது. கௌடிலியர் மதுவை அரசின் கண்காணிப்பில் வைத்தாரேனும், இல்லறத்தார் தம் மனைச்சடங்குகளுக்கு வெள்ளிய சுரையையும் மருந்துக்கு அரிட்டத்தையும் ஆக்கிக்கொள்ள இசைவு தந்தார். விழாக்காலங்களில் 4 நாள் உரிமையும் வகுத்தார். தமிழ்நாட்டில் இந்நிலை முற்றும் மாறியது சேலத்தில்தான். இராசாசி முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட சென்னை மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதற் சேலம் மாவட்டத்திலேயே நடைமுறைக்கு வந்தது. அக்காலத்துச் சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கியது. அதியமானின் தகடூரும் சேர்வராயன் மலையும் ஒருநாளில் மதுவிலக்குக்கு உட்பட்டன. 1948இல் அது மாநிலம் முழுதும் பரவியது, 1971இல் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் மதுக்கடைகள் அரசின் கையில் வந்தபோதும், உரிமமின்றி இல்லத்தில் மது ஆக்குதல் அச்சட்டப்படி இன்றும் குற்றமே.

இச்சட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தொழில் வரலாற்றுக்குரிய விளைவு ஒன்றையே சுட்டுவோம். இல்லத்தில் வெளிப்படையாக ஆக்கிய மதுவில் கலங்கழுவும் வழக்கமும், ஆற்றும் முறையும், கெட்டதை மணத்தால் அறிந்து கொட்டிவிடும் பழக்கமும் தாயிடமிருந்து மகளுக்கு வந்தன. மறைவில் ஆக்கும் மதுவுக்கு அவ்வழிமுறை இல்லை. விரைவும் விற்பனையுமே அதன் நோக்கம். வடதமிழ்நாட்டில் சுண்டக்கஞ்சி என வழங்கும் சோற்று மது பழைய தோப்பியின் எச்சம் போலத் தோன்றினும், காய்ச்சி வடித்த சாராயம் அதன் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டது. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நஞ்சு நொதித்தலின் தூய்மைக் குறைவால் வந்ததன்று, கலப்படத்தால் வந்தது. எத்துணைக் கழுவினும் கொதிக்கவைப்பினும் அது நீங்காது. இவ்வேறுபாட்டை அறியாது, பழைய இல்லடு கள்ளையும் இன்றைய நச்சுச் சாராயத்தையும் ஒன்றெனக் கருதுதல் வரலாற்றுப் பிழையாகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. சங்ககாலத்துத் தானிய மது, வேகவைத்தல், விரைந்து ஆற்றுதல், வித்து அடை கலத்தல், மூடிய கலத்தில் முற்றவைத்தல், வடித்தல் என்னும் முறையான படிகளால் ஆயது. அடை என்பது பூஞ்சணம் படர்ந்த முளைமாவடையாதல் கூடும். உண்கலம் கழுவுதற்கு நேர்ச்சான்று உண்டு. விளைகலத் தூய்மையும் வெந்நீரும் உய்த்துணரத்தக்கனவே. நீரைத் தெளிவித்தலும் தூய்மை செய்தலும் வேறென்பதை நூற்சான்றுகளை ஆராய்வோர் மறத்தலாகாது.

இத்தொழிலில் ஈடுபட்டோர் பெரும்பாலும் பெண்டிர் என்பதும் குறிக்கத்தக்கது. மதுவை ஈந்த வேந்தர் பெயரும் பாடிய புலவர் பெயரும் நமக்குக் கிடைத்துள்ளன. ஆக்கிய மகளிருள் ஒருவர் பெயரும் கிடைத்திலது. அவர்தம் திறத்துக்கு எஞ்சிய சான்று அவர்கள் கலம் கழுவி ஊற்றிய நீரே. மாரமங்கலம் முதலிய மலையூர்களில் முதியோரிடம் எஞ்சியுள்ள சமையற் சொற்களையும், கலங்களின் பெயர்களையும், தானியங்களை முளைகட்டும் வழக்கங்களையும் களத்திற் சென்று தொகுத்தல் பட்டமேற்படிப்பு மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அச்சொற்கள் மறையுமுன் தொகுக்கப்பெறின், அடை, பிழா, குரும்பி என்பன பற்றி ஏட்டளவில் நிற்கும் ஐயங்கள் சில தீரும்.